‘தொடங்கியது யார்?’: ஸ்டோர்கோ வகுப்பின் மௌனமும் அதைப் படமாக்கிய விதமும்

கிழக்கு ஜெர்மனி மாணவர்களைப் பற்றிய ‘மௌனமான வகுப்பறை’ படத்தைப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகளை எழுப்பியிருக்கிறீர்கள். சில நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்ததற்காக ஒரு வகுப்பையே பள்ளியிலிருந்து நீக்கினார்கள் என்பது உண்மையா? ஓர் அமைச்சரே அந்த வகுப்புக்கு வந்தாரா? பதினெட்டு வயதுப் பிள்ளைகளைக் கண்டு ஓர் அரசு அவ்வளவு பதறியது ஏன்? முதல் இரண்டுக்கும் விடை எளிது: இரண்டுமே நடந்தவை. மூன்றாவதற்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. படத்தின் பலமும் பலவீனமும் அந்த மூன்றாவது கேள்வியில்தான் இருக்கின்றன.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெர்லினுக்குத் தென்கிழக்கே, பிராண்டன்பர்க் பகுதியில், ஸ்டோர்கோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள மேல்நிலைப் பள்ளியின் இறுதி வகுப்பில் 1956இல் இருபது பேர் படித்தார்கள். பல்கலைக்கழகத்துக்குள் நுழைய வழிவிடும் ‘அபிட்டூர்’ தேர்வுக்கு அவர்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி, சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்து ஹங்கேரியில் எழுந்த மக்கள் கிளர்ச்சியில் இறந்தவர்களுக்காக அந்த வகுப்பு ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் இருந்தது. ஆசிரியர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். முழக்கம் எழுப்பவில்லை; துண்டறிக்கை ஒட்டவில்லை; வகுப்பைவிட்டு வெளியேறவுமில்லை. பள்ளியோடு முடிந்திருக்கக்கூடிய விஷயம் மேலே மேலே ஏறி, டிசம்பர் 13ஆம் தேதி கல்வி அமைச்சர் ஃப்ரிட்ஸ் லாங்கே நேரில் வந்து விசாரிக்கும் அளவுக்குப் போயிற்று. தூண்டியவர் பெயரைச் சொல்லுங்கள், சொன்னால் மற்றவர்கள் தப்பலாம் என்பதுதான் அவர்கள் முன் வைக்கப்பட்ட நிபந்தனை. யாரும் சொல்லவில்லை. வகுப்பு முழுவதும் நீக்கப்பட்டது. நாட்டின் எந்தப் பள்ளியிலும் அவர்கள் அபிட்டூர் எழுதக் கூடாது என்று தடையும் விழுந்தது. கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில் இருபது பேரில் பதினாறு பேர் மேற்கு பெர்லினுக்குத் தப்பிச் சென்றார்கள். மேற்கு ஜெர்மனியின் பென்ஸ்ஹைம் நகரில் ஒன்றாகவே படிப்பைத் தொடர்ந்து, 1958இல் அபிட்டூர் முடித்தார்கள். அவர்களில் ஒருவரான டீட்ரிச் கார்ஸ்ட்கா பிற்காலத்தில் ஆசிரியரானார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2006இல், இந்த வரலாற்றை நூலாக எழுதினார். லார்ஸ் க்ராவ்மே இயக்கிய படம் அந்த நூலை அடிப்படையாகக் கொண்டு 2018இல் வந்தது. அதே ஆண்டில் கார்ஸ்ட்கா காலமானார்.

இனி அந்த அச்சத்துக்கு வருவோம். நவம்பர் 1 என்ற தேதியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் பாதி விளங்கிவிடும். ஹங்கேரிக் கிளர்ச்சி அக்டோபர் 23ஆம் தேதி புடாபெஸ்டில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்கள் மாணவர்கள். சோவியத் டாங்கிகள் இரண்டாம் முறையாக, இம்முறை முழு பலத்தோடு, நகருக்குள் நுழைந்து கிளர்ச்சியை நசுக்கத் தொடங்கியது நவம்பர் 4ஆம் தேதி. இடைப்பட்ட சில நாட்களில், சோவியத் படைகள் புடாபெஸ்டிலிருந்து விலகிக்கொண்டிருந்த வேளையில், ஹங்கேரியர்கள் வென்றுவிடுவார்கள் என்றே பலர் நம்பினார்கள். ஸ்டோர்கோ மாணவர்கள் மௌனம் காத்தது அந்த இடைவெளியில்தான். ஆகவே அது தோற்றுப்போனவர்களுக்காகச் சிந்திய கண்ணீர் மட்டுமன்று. வெல்லக்கூடியவர்கள் என்று கருதியவர்களின் பக்கம் நின்றதும்கூட. கிழக்கு பெர்லினில் இருந்த ஆட்சியாளர்களுக்கு இது புரியாமலா இருந்திருக்கும்? மூன்றே ஆண்டுகளுக்கு முன், 1953 ஜூன் 17ஆம் தேதி, அவர்களுடைய சொந்தத் தொழிலாளர்களே தெருவுக்கு வந்திருந்தார்கள்; அன்று ஆட்சியைக் காப்பாற்றியவை சோவியத் டாங்கிகள். 1956 பிப்ரவரியில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் தமக்கு முன் ஆண்ட ஸ்டாலினின் குற்றங்களைக் கட்சி மாநாட்டில் எடுத்துரைத்த பிறகு, நேற்றுவரை தெய்வமாக இருந்தவரைப் பற்றி வகுப்பறையில் என்ன சொல்வது என்று ஆசிரியர்களே விழித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நவம்பர் 29ஆம் தேதி, சோஷலிசத்தைச் சீர்திருத்த வேண்டும் என்று வாதிட்ட தத்துவ அறிஞர் வொல்ஃப்காங் ஹாரிச் கைது செய்யப்பட்டார். அமைச்சர் லாங்கே ஸ்டோர்கோ பள்ளிப் படியேறியது அதற்கு இரண்டு வாரம் கழித்து.

ஆனால் அரசியல் சூழ்நிலை மட்டும் அந்தப் பதற்றத்தை முழுமையாக விளக்கிவிடாது. பிள்ளைகள் ஏதோ சிறுபிள்ளைத்தனமாகச் செய்துவிட்டார்கள் என்று ஒரு வாரத் தண்டனையோடு விட்டிருந்தால் ஊருக்கே தெரியாமல் போயிருக்கும். அப்படி விட முடியாமற்போனதற்குக் காரணம் அந்த ஆட்சியின் கொள்கையிலேயே இருந்தது என்பது என் கருத்து. தொழிலாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் சொந்தமான அரசில் மக்கள் தாமாகவே எதிர்ப்புத் தெரிவிக்கக் காரணமே இல்லை என்பது அவர்களின் அடிப்படை நம்பிக்கை. எனவே எதிர்ப்பு தோன்றினால் அது வெளியிலிருந்து ஊட்டப்பட்டதாகவே இருக்க வேண்டும். 1953 ஜூன் கிளர்ச்சியை அவர்கள் பாசிசச் சதி என்றார்கள்; ஹங்கேரியில் நடந்ததை எதிர்ப்புரட்சி என்றார்கள். இந்தக் கணக்கின்படி, இருபது பேர் கொண்ட ஒரு வகுப்பு பேசிவைத்துக்கொண்டு மௌனம் காக்க முடியாது. மேற்கின் நஞ்சு ஏறிய ஒருவன் மற்றவர்களைக் கெடுத்திருக்க வேண்டும். அந்த ஒருவனைக் கண்டுபிடித்து வெட்டி எறிந்துவிட்டால் மீதிப் பத்தொன்பது பேரும் மறுபடியும் நல்ல சோஷலிசப் பிள்ளைகள் ஆகிவிடுவார்கள், கொள்கையும் பிழைத்துக்கொள்ளும். விசாரணை முழுவதும் ‘ஏன் செய்தீர்கள்?’ என்பதைவிட ‘தொடங்கியது யார்?’ என்பதையே சுற்றிச்சுற்றி வருவது இதனால்தான். முதல் கேள்விக்கு உண்மையான விடை வந்துவிடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது.

படம் இதை மிக நன்றாகப் பிடித்திருக்கிறது. படத்தில் மௌனம் ஓரிரு நிமிடமாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. திரையில் ஐந்து நிமிட மௌனத்தைக் காட்டினால் பார்ப்பவர் பொறுக்க மாட்டார் என்று இயக்குநர் கருதியிருக்கலாம். எனக்கென்னவோ அந்த ஐந்து நிமிடத்தையும் முழுதாகக் காட்டியிருக்கலாம் என்றே தோன்றுகிறது. வகுப்பு தொடங்குமுன் மாணவர்கள் கை உயர்த்தி வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். பெரும்பான்மை முடிவு செய்ததற்கு உடன்படாதவர்களும் கட்டுப்படுகிறார்கள். நாட்டில் எங்கும் இல்லாத உண்மையான தேர்தல் அந்த ஓர் அறையில் நடந்து முடிகிறது. பிறகு ஆசிரியர் வருகிறார், பாடத்தைத் தொடங்குகிறார், ஒரு கேள்வி கேட்கிறார். பதில் இல்லை. இன்னொருவரைக் கேட்கிறார். அவர் நேரே பார்த்தபடி இருக்கிறார். ஆசிரியரின் குரல் உயர்கிறது, பிறகு உடைகிறது. தலைமையாசிரியரை அழைத்து வர வெளியே ஓடுகிறார். மாணவர்களைப் பார்த்துப் படபடத்துப்போன அந்த ஆசிரியரைக் கண்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அடுத்த நொடியே வயிற்றைக் கலக்கவும் செய்தது. அவர் அஞ்சுவது இந்தப் பிள்ளைகளுக்காக அன்று. இதைத் தடுக்கத் தவறியவர் என்று நாளை தன்மீது விழப்போகும் பழிக்காக.

மாணவர்கள் பிறகு சொல்லும் சாக்கும் கவனிக்கத்தக்கது. ஹங்கேரியின் கால்பந்து வீரர் ஃபெரெங்க் புஷ்காஸ் கிளர்ச்சியில் இறந்துவிட்டார் என்று அந்நாட்களில் ஒரு செய்தி பரவியிருந்தது. அவருக்காகத்தான் மௌனம் காத்தோம், இதில் அரசியல் எதுவுமில்லை என்கிறார்கள். இது வெறும் சமாளிப்பன்று, கெட்டிக்காரத்தனம். 1954 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனி 3-2 என்ற கணக்கில் வென்றபோது எதிரணிக்குத் தலைமை தாங்கியவர் புஷ்காஸ். ஜெர்மனியில் அவர் பெயரை அறியாத பையன் கிடையாது. அதே சமயம் அவர் சகோதர சோஷலிச நாடு ஒன்றின் நாயகர். அவருக்கு அஞ்சலி செலுத்துவதைக் குற்றம் என்று எந்தக் கட்சிக்காரரும் எளிதில் சொல்லிவிட முடியாது. செய்தி பொய் என்பது வேறு கதை. புஷ்காஸ் அப்போது உயிரோடு இருந்தார். பிறகு ஸ்பெயினில் ரியால் மாட்ரிட் அணிக்காக ஆடி, 2006 வரை வாழ்ந்தார். படத்தில் தலைமையாசிரியர் இந்தச் சாக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறார். விஷயம் தன் பள்ளி வாசலைத் தாண்டக் கூடாது என்பது அவர் கவலை. அவர் கெட்டவர் இல்லை. எளிய குடும்பத்தில் பிறந்து, இந்த ஆட்சி தந்த வாய்ப்பால் மேலே வந்தவர். தன்னை ஆளாக்கிய அரசிடமிருந்தே தன் மாணவர்களை மறைக்க வேண்டிய நிலை அவருக்கு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிழக்கு ஜெர்மனி என்றதும் நம் நினைவுக்கு வருவது ஸ்டாசி என்னும் இரகசியக் காவல்துறை, ஒட்டுக்கேட்கும் கருவி, காதில் ஒலிவாங்கியோடு மாடியறையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. இந்தப் படத்தில் அப்படிப்பட்ட கருவிகளுக்கு வேலையே இல்லை. இங்கே விசாரிப்பவர் வட்டாரக் கல்வி அதிகாரியான கெஸ்லர் என்னும் பெண். அவர் கையில் இருக்கும் ஆயுதம் மாணவர்களின் பெற்றோர். ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, அவரவர் வீட்டில் புதைந்துகிடக்கும் பழைய கதையை எடுத்து மேசைமீது வைக்கிறார். தேயோ என்பவன் எஃகு ஆலைத் தொழிலாளியின் மகன். குடும்பத்தில் முதன்முதலாக அபிட்டூர் எழுதப்போகிறவன். அவன் தந்தையோ 1953 ஜூன் கிளர்ச்சியில் பங்கெடுத்து, அதற்கான விலையை ஏற்கெனவே கொடுத்தவர். குர்ட்டின் தந்தை நகராட்சியில் உயர் பொறுப்பில் இருக்கும் கட்சிக்காரர். எரிக் தன் இறந்துபோன தந்தையை நாஜிகளை எதிர்த்து மாண்ட கம்யூனிஸ்டாகப் போற்றி வளர்ந்தவன். அந்தத் தந்தையின் முடிவு அவன் நம்பியதுபோல் இல்லை என்று காட்டும் ஒரு புகைப்படத்தைக் கெஸ்லர் அவன்முன் வைக்கிறார். சிறையோ அடியோ இல்லாமல், ஒரே ஒரு புகைப்படத்தை வைத்து ஒரு பையனை உடைக்கும் அந்தக் காட்சிதான் படத்திலேயே மிகக் கொடூரமானது.

பெற்றோர்களை வில்லன்களாக்காமல் விட்டது இயக்குநரின் பெருந்தன்மை என்று சிலர் பாராட்டுகிறார்கள். பெருந்தன்மையைவிட வரலாற்று உணர்வு என்று சொல்வதே பொருந்தும். 1956இல் நாற்பது வயதைத் தாண்டியிருந்த ஒவ்வொரு ஜெர்மானியருக்கும் பின்னால் பன்னிரண்டு ஆண்டு நாஜி ஆட்சி இருந்தது. சிலர் அதை எதிர்த்தார்கள், சிலர் அதற்குப் பணிந்தார்கள், பலர் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தார்கள். உண்மையான லாங்கேயே நாஜி சிறையில் இருந்தவர். ஸ்டோர்கோ பள்ளிக்குச் சூட்டப்பட்டிருந்த பெயர் குர்ட் ஸ்டெஃபல்பாவர். 1942இல் நாஜிகளால் கொல்லப்பட்ட கம்யூனிச ஆசிரியர் அவர். அடக்குமுறைக்குப் பணியாமல் உயிரை விட்ட ஓர் ஆசிரியரின் பெயர் தாங்கிய பள்ளியில், பணிய மறுத்ததற்காக ஒரு வகுப்பைக் கலைத்தார்கள். அதைச் செய்தவரும் ஒரு காலத்தில் பணிய மறுத்து அதற்காகத் துன்பப்பட்டவர்தான். படத்தில் லாங்கேயாக நடிக்கும் புர்க்ஹார்ட் கிளவுஸ்னர் இதே இயக்குநரின் முந்தைய படத்தில், நாஜிக் குற்றவாளிகளை விடாமல் துரத்திய அரசு வழக்கறிஞர் ஃப்ரிட்ஸ் பாவராக நடித்தவர். அதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தேர்வு தற்செயலாகத் தோன்றாது. அவருடைய லாங்கே பொய் சொல்பவர் அல்லர். தான் சொல்வதை முழுமனத்தோடு நம்புகிறவர். ஹங்கேரியில் தெருவுக்கு வந்தவர்கள் பாசிஸ்டுகள், அவர்களுக்காக மௌனம் காத்தவர்கள் தன்னைச் சிறையில் அடைத்தவர்களின் பக்கம் நின்றவர்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஹங்கேரிச் செய்தி அந்த மாணவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வழி வானொலி. ரியாஸ் என்பது பெர்லினின் அமெரிக்கப் பகுதியிலிருந்து 1946 முதல் ஒலிபரப்பான நிலையம். அதைக் கேட்பது கிழக்கு ஜெர்மன் அரசின் பார்வையில் எதிரியின் பேச்சுக்குக் காது கொடுப்பது. ஆனால் பெர்லினைச் சுற்றியிருந்த ஊர்களில் அதன் அலைவரிசை தெளிவாகக் கிடைத்தது. பல வீடுகளில் இரவில் ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டார்கள். படத்தில் மாணவர்கள் ஊருக்கு வெளியே தனியாக வாழும் எட்கர் என்ற முதியவரின் வீட்டுக்குப் போய்க் கேட்கிறார்கள். இன்னொரு வழியும் இருந்தது. 1961 ஆகஸ்ட் 13ஆம் தேதி பெர்லின் சுவர் எழும்வரை கிழக்கிலிருந்து மேற்கு பெர்லினுக்கு ரயிலில் போய்வர முடிந்தது. சோதனை உண்டு, விளக்கம் சொல்ல வேண்டும், ஆனால் வழி அடைபட்டிருக்கவில்லை. படத்தில் தேயோவும் குர்ட்டும் தாத்தாவின் கல்லறைக்குப் போவதாகச் சொல்லி மேற்குக்குப் போகிறார்கள். அங்கே ஒரு திரையரங்கில் பொழுதுபோக்குப் படம் பார்க்க நுழைந்த இடத்தில், முன்னால் ஓடும் செய்திப்படத்தில் புடாபெஸ்ட் தெருக்களைக் காண்கிறார்கள். அரசியல் கல்வி பெறவா போனார்கள்? அரைகுறை ஆடையணிந்த நாயகியைப் பார்க்கப் போனார்கள். இந்த விவரம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு வரலாறு பெரும்பாலும் இப்படித்தான், வேறெதற்கோ போன இடத்தில், எதிர்ப்படுகிறது.

படத்தின் குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. கதை ஸ்டோர்கோவிலிருந்து ஸ்டாலின்ஸ்டாட்டுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. எஃகு ஆலையைச் சுற்றி 1950களில் புதிதாக எழுப்பப்பட்ட சோஷலிச மாதிரி நகரம் அது. 1961இல் ஐசன்ஹூட்டன்ஸ்டாட் என்று பெயர் மாறியது. அந்தக் காலத்துக் குடியிருப்புகள் இன்றும் கட்டுக்குலையாமல் இருப்பதால் படப்பிடிப்புக்கு வசதி, நேராகவும் அகலமாகவும் கிடக்கும் தெருக்களைப் பார்க்கும்போதே அந்தக் கனவின் அளவும் விளங்குகிறது. ஆகவே இந்த மாற்றத்தில் எனக்குக் குறையில்லை. மாணவர்களின் பெயர்களும் குடும்பக் கதைகளும் பெரும்பாலும் படத்துக்காகப் புனையப்பட்டவை, அதையும் ஏற்றுக்கொள்ளலாம். தேயோ, குர்ட், அவர்களின் வகுப்புத் தோழி லேனா ஆகியோருக்கிடையே நுழைக்கப்பட்ட முக்கோணக் காதல்தான் கதையில் ஒட்டாமல் நிற்கிறது. கெஸ்லரை இத்தனை குளிர்ந்த கொடுமைக்காரியாக்கியதும் தேவையற்றது. லாங்கேக்குக் கொடுத்த நியாயத்தில் பாதியையாவது அவருக்கும் கொடுத்திருக்கலாம். இவற்றைவிடப் பெரிய குறை எரிக் பற்றியது. படத்தில் அவன் உடைந்து, ஒரு பெயரைச் சொல்லி, துப்பாக்கி ஏந்தும் அளவுக்குப் போகிறான். ஸ்டோர்கோவில் துப்பாக்கி வெடிக்கவில்லை. அங்கே அமைச்சரே வந்து கேட்டும் யாரும் பெயர் சொல்லவில்லை. படமெடுப்பவருக்கு ஒரு காட்டிக்கொடுத்தல் தேவைப்பட்டது. அது இல்லாமல் நாடகம் இல்லை என்று அவர் நினைத்திருக்கிறார். நடந்த கதையின் அபூர்வமோ அங்கே காட்டிக்கொடுத்தல் நிகழாததில்தான் இருந்தது.

அதை இயக்குநரும் உணர்ந்திருக்க வேண்டும். இறுதி வகுப்பறைக் காட்சியில் அந்தக் கடனைத் தீர்க்கப் பார்க்கிறார். குர்ட் ஏற்கெனவே மேற்குக்குப் போய்விட்டான். பழியை அவன்மேல் போட்டுவிட்டால் மற்ற எல்லாரும் தேர்வு எழுதலாம். போனவனுக்கு அதனால் இனி ஒரு கேடும் இல்லை. ஏற்கெனவே ஓடிப்போனவனைக் காட்டிக்கொடுப்பது காட்டிக்கொடுத்தலே ஆகுமா என்ற சபலம் எவருக்கும் வரும். அப்போது ஒருவர் எழுந்து, யோசனை என்னுடையது என்கிறார். அடுத்தவர் எழுகிறார். பிறகு இன்னொருவர். காட்சி சற்றுச் செயற்கையாக அமைந்திருப்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் அதன் உட்பொருள் சரியானது. அரசு கேட்டது ஒரு பெயரை. கிடைத்ததோ வகுப்பின் எல்லாப் பெயர்களும்.

பார்த்து முடித்தவர்களுக்கு இன்னொன்றைச் சொல்ல வேண்டும். படம் ரயிலோடு முடிகிறது, இளைஞர்கள் மேற்கை நோக்கிப் போகிறார்கள், நமக்கும் பெருமூச்சு வருகிறது. 1949 முதல் சுவர் எழும்பிய 1961 வரை கிழக்கு ஜெர்மனியிலிருந்து வெளியேறியவர்கள் ஏறத்தாழ 27 இலட்சம் பேர். அந்தப் பதினாறு பேரும் அந்தக் கணக்கில் அடங்குகிறார்கள். வீட்டில் ஒரு கடிதமோ ஒரு பொய்யோ விட்டுவிட்டுக் கிளம்பிய பிள்ளைகளின் தாய் தந்தையர், தம்பி தங்கைகள் அங்கேயே இருந்தார்கள். பிள்ளை ஓடிப்போன வீடு என்ற அடையாளத்தோடு அதே ஊரில், அதே அலுவலகத்தில், அதே ஆலையில் அவர்கள் வேலை பார்க்க வேண்டியிருந்தது. ஐந்தாண்டுகளில் சுவர் வந்தது. பிறகு நவம்பர் 1989 வரை அது நின்றது. படத்தில் இதற்கு இடமில்லை. இருபதில் பதினாறு போக மீதி நால்வர் அங்கேயே தங்கினார்கள். அவர்களும் அந்த ஐந்து நிமிடம் வாய் திறக்காதவர்கள்தான், அமைச்சர் கேட்டபோது பெயர் சொல்லாதவர்கள்தான். அவர்களைப் பற்றி யாராவது ஒரு படம் எடுத்தால், இதைவிட அதைப் பார்க்க நான் அதிகம் ஆசைப்படுவேன்.